தோப்பியும் தென்னங்கள்ளும்: ஏலமலைச் சாரலிலிருந்து ஒரு சரித்திர நோக்கு

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் டிஸ்கவரி தொலைக்காட்சியிலே ‘ப்ரூ மாஸ்டர்ஸ்’ என்றொரு தொடர் வெளிவரலாயிற்று. டெலவேர் மாநிலத்தில் 1995இல் ஓர் உணவுச்சாலையோடு ஒட்டிய சிறு வடிசாலையாக ‘டாக்ஃபிஷ் ஹெட்’ நிறுவனத்தைத் தொடங்கிய சாம் கலாஜியோனி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் புதுப்புது பீர் வகைகளை உருவாக்கும் விதத்தைக் காட்டிய அத்தொடரில், என் சிந்தையைக் கவர்ந்த அம்சம், மறைந்துபோன பண்டைக்காலத்து மதுவகைகளை மீண்டும் வடித்துப் பார்க்க அவர்கள் மேற்கொண்ட பிரயத்தனமே ஆகும். எகிப்து தேசத்துப் பழைய பீரைச் செய்வதற்காகப் பேரீச்சந்தோப்பிலே காற்றில் உலவும் நொதியைத் தட்டு வைத்துப் பிடித்தார்கள். தென்னமெரிக்கச் சிச்சாவைச் செய்வதற்காக மக்காச்சோளத்தைத் தம் வாயிலேயே மென்று பக்குவப்படுத்தினார்கள்.

அந்நாட்டில் இத்தகைய தொடரைப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் வெறும் பார்வையாளர் அல்லர். 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தினால், வயது வந்த ஒருவர் ஆண்டொன்றுக்கு 100 காலன் வரை தம் வீட்டு உபயோகத்துக்கென வரியின்றி பீர் வடித்துக்கொள்ளும் உரிமை அங்கே கிடைத்தது. அதே ஆண்டில் சார்லி பப்பாசியன் முதலானோர் இல்லத்தில் வடிப்போருக்கென ஒரு சங்கமும் கண்டனர். அடுக்களையிலும் வண்டிக்கொட்டகையிலும் முப்பது ஆண்டுக்காலம் பானை வைத்துப் பழகிய கைகளுக்குக் காட்சியின் அழகு மட்டும் போதாது. தானியம் எந்த வெப்பத்தில் ஊறியது, நொதி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் கிடந்தது, பாத்திரம் கழுவும் ஓயாத பாட்டைக் காட்டினார்களா மறைத்தார்களா என்றெல்லாம் அவை கேட்கும். மெச்சுவதற்கும் குறை சொல்வதற்கும் உரிய தகுதி அனுபவத்தினால் வருவது. அனுபவமோ, செய்வதற்கு உரிமையுள்ள இடத்திலேதான் வளர்வது.

இந்தக் கடைசி விஷயத்தைப் போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு நினைக்கும்போது மனம் கனக்கிறது. அத்தொடரை நம் கொட்டகுடி ஆற்றங்கரையிலோ குரங்கணிச் சாரலிலோ திரை கட்டிக் காட்டினால், அதைப் பார்த்துவிட்டு, கைப்பழக்கத்தினால் வந்த நிச்சயத்தோடு, “இது சரி, இது பிசகு” என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள்? ஏலக்காயைக் கையில் உருட்டிப் பார்த்த மாத்திரத்தில் அதன் தரத்தைச் சொல்லிவிடும் மனிதர்கள் நிறைந்த ஊர் இது. ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தினால் உலகச் சந்தைக்கே அறிமுகமான ஊர். அந்தக் கைக்கூர்மை இங்கே வளர்ந்ததற்குக் காரணம், ஏலத்தொழில் தலைமுறை தலைமுறையாகப் பகல் வெளிச்சத்தில் நடந்துவந்ததே. மது வடிக்கும் தொழிலுக்கு அந்தப் பகல் வெளிச்சம் நிலைக்கவில்லை. அது எப்போது, எவரால் அணைக்கப்பட்டது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

தமிழர் மது வடித்த முறைக்குச் சான்று தேடி எகிப்தியப் பிரமிடுகளுக்குள் நுழைய வேண்டியதில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதியில், ஒரு செய்முறை முழுவதும் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களிபோலக் கூழாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, கறையான் புற்றுக்குள் இருக்கும் குரும்பி போன்ற தோற்றமுடைய முளையின் அடையை அதிலே கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயையுடைய சாடியிலே பச்சை வாடை நீங்கும்வரை விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பது அம்முறை. இதில் ஒவ்வொரு படியும் அர்த்தமுள்ளது. மாவுச்சத்து நொதிக்காது, சர்க்கரைதான் நொதிக்கும். மாவைச் சர்க்கரையாக்கும் சக்தி முளைத்த தானியத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி மால்ட் செய்வதும் அதற்காகவே, சிச்சாவுக்குச் சோளத்தை மென்று உமிழ்நீரோடு கலப்பதும் அதற்காகவே. கூழை ஆறவிட்டபின்பே முளையைக் கலக்க வேண்டும் என்ற விதியும் காரணமில்லாமல் வந்ததன்று; கொதிக்கும் கூழில் இட்டால் முளையின் சக்தி செத்துவிடும். ரசாயன சாஸ்திரத்தின் பெயர்கூடத் தோன்றாத காலத்தில் இவ்வளவு நுட்பமும் ஒரு மீனவக் குடியிருப்பின் வீட்டுப் பழக்கமாக இருந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் பெருமிதத்தை மறைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

அதே நூலில் வேறோரிடத்தில், வீட்டிலேயே சமைத்த தோப்பி என்னும் நெல்மது குறிப்பிடப்படுகிறது. கடையில் வாங்கியதன்று, அரண்மனையில் அளந்ததன்று, இல்லத்தில் அட்டது. அரிசியைக் குற்றுவதும் கூழைத் துழாவுவதும் முளைகட்டுவதும் நடந்த இடம் அடுக்களை முற்றமாதலால், இந்தக் கலையில் பெரும்பங்கு பெண்மக்களுடையதாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் நொதித்தலைப் பற்றிய ஞானம் நம்மிடையே ஆழமாக வாழ்வது அவர்களிடத்திலேதான். போடியிலே இரவு அரைத்து வைத்த இட்லிமாவு விடியுமுன் பொங்கி வழிய, நாலாயிரம் அடிக்கு மேலுள்ள போடிமெட்டிலே அதே மாவு குளிரில் அசையாமல் கிடப்பதும், மலைவீட்டுப் பெண்கள் அதை அடுப்பங்கரைச் சூட்டில் ஒதுக்கி வைத்துப் புளிக்கச் செய்வதும், பீர் வடிப்பவன் வெப்பமானியை வைத்துக்கொண்டு செய்யும் காரியத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று.

மலைநாட்டு வழக்கம் வேறுவிதமானது. நன்னனையும் அவனுடைய மலைகளையும் பாடும் மலைபடுகடாத்திலும், பொதியிலை ஆண்ட ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும், குறவர்கள் மூங்கிற் குழாயிலே முதிரவைத்த தேறலை உண்டு மகிழ்ந்த செய்தி வருகிறது. நன்னன் மலை செங்கண்மாவுக்கு அருகிலுள்ளது. ஆய் ஆண்ட பொதியில் நமக்குத் தெற்கே, இதே மேற்குத் தொடரின் கோடியில் இருப்பது. ஏலமலையைப் பற்றித் தனியே பாடிய பாட்டு என்று எதையும் நான் இங்கே சுட்டவில்லை. ஆயினும் தேனும் மூங்கிலும் தினைப்புனமும் குறிஞ்சி நிலத்துக்குப் பொதுவான செல்வங்கள்; அடைத்த மூங்கிலின் இரு கணுக்களுக்கிடையே தேன் கலந்த நீர் விளைந்து தேறலாவதற்கு வேறு உபகரணம் எதுவும் வேண்டியதில்லை.

வடமொழியிலும் இதற்கு ஈடான ஆதாரம் உண்டு. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் சுராத்யக்ஷன் என்னும் மது அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் அத்தியாயத்தில், மேதகம், பிரசன்னம், ஆசவம், அரிஷ்டம் முதலிய வகைகள் அளவுகளோடு கூறப்படுகின்றன. மேதகத்துக்குரிய சம்பாரத்திலே மிளகும் திப்பிலியும் சேர்கின்றன. ராஜாங்க வருமானத்தில் ஒரு காசும் சிந்தவிடாத அந்தக் கடுமையான ஆசிரியரே, விசேஷ காலங்களில் குடும்பஸ்தர்கள் தமக்கு வேண்டிய வெண்சுராவையும், நோய்க்கு மருந்தாக அரிஷ்டத்தையும் தாமே செய்துகொள்ளலாம் என்றும், உற்சவங்களிலும் யாத்திரைகளிலும் நான்கு நாள் அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு என்றும் விதித்திருக்கிறார். அரசன் வரி வாங்கட்டும். ஆனால் வீட்டுச் சாடிக்குள் கைவிட வேண்டாம் என்ற வரம்பு அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வரம்பைப் பிற்காலத்தில் கடந்தவர்கள் யார் என்பதைத்தான் நம்மில் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்டால், மதுவிலக்கு வந்தது, கலை போயிற்று என்பார்கள். அது சரித்திரமன்று. மதுவிலக்குக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அது நடந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1802ஆம் ஆண்டு நிரந்தர நிலவரி ஒழுங்குமுறையை வகுத்தபோதே, உப்பு வருமானத்தைப்போல அப்காரி என்னும் மது வருமானத்தையும் ஜமீன்தார்களுக்கு விடாமல் தமக்கென ஒதுக்கிக்கொண்டார்கள். பின்னர் 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம், உரிமம் இல்லாமல் மது வடிப்பதையும் கள் இறக்குவதையும் குற்றமாக்கியது. ஆங்காங்கே சிறு அடுப்புகளில் நடந்த வடிப்பு படிப்படியாக அகற்றப்பட்டு, பெரிய வடிசாலைகளிலிருந்து சாராயம் பீப்பாயில் வந்திறங்கும் ஏற்பாடு பரவியது. கள் இறக்கும் ஒவ்வொரு தென்னைக்கும் பனைக்கும் அடையாளமிட்டு மரவரி விதித்தார்கள். இதில் சன்மார்க்க நோக்கம் இருந்ததாகச் சொல்லமுடியாது. வீட்டில் வடித்தால் கணக்கு வைக்கமுடியாது, கணக்கு வைக்கமுடியாததற்கு வரி வாங்கமுடியாது என்பதே காரணம். சட்டத்தின் பார்வையிலே தோப்பி வடித்த மூதாட்டியும் திருட்டுச் சாராயம் காய்ச்சியவனும் அன்று முதல் ஒன்றாகிவிட்டனர்.

கள்ளிறக்கும் தொழில் மட்டும் உரிமத்தின் நிழலில் நின்று நிலைத்தது. தேனி வட்டாரத்திலே மேற்கு மலைகளின் நீரை உண்டு செழித்த தென்னந்தோப்புகளில் அதன் முறைகளைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, நாள்தோறும் மெல்லத் தட்டி இளகவைத்து, நுனியைப் பாளையரிவாளால் காகிதம்போலச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் ஏறி இறக்குவார்கள். பனையிலோ பாளையைக் கடிப்பு என்னும் கட்டைகளின் இடையே வைத்து நெருக்குவார்கள். தட்டு மிஞ்சினால் பாளை அழுகும். குறைந்தால் சாறு ஊறாது. சீவல் தடித்தால் சில நாளிலேயே பாளை தீர்ந்துபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்பிலே இரண்டு தொழில்கள் பிரிகின்றன. நொதியைத் தேடி எவரும் தட்டு வைத்துக் காத்திருப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் கசிவிலும் இருக்கும் நொதியே வேலையைத் தொடங்கிவிடும். பொழுது விடிந்து இறக்கிய இனிப்புக் கள் உச்சிப்பொழுதுக்குள் புளித்து, மறுநாள் காடியாகிவிடும். இவ்வளவு குறுகிய ஆயுளையுடைய ஒரு பானத்தைச் சரியான வேளையில் இறக்கிச் சரியான வேளையில் கொடுப்பதற்கு வேண்டிய கணிதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மரமேறியின் கண்ணிலும் நாக்கிலும் இருந்தது.

மதுவிலக்கின் கதையை இதற்குப் பிறகே சொல்ல வேண்டும். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் மூண்டபோது, ஈ.வெ.ரா. தமக்குச் சொந்தமான தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்ததும், அவருடைய மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மையாரும் ஈரோட்டில் மறியலுக்குத் தலைமை தாங்கியதும் எல்லோரும் அறிந்தவை. ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் நின்றுபோன அந்த ஏற்பாடு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மை மந்திரியாக இருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் தேதி காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அந்தப் பெரியோர்களுடைய நோக்கத்தின் தூய்மையை நான் சந்தேகிக்கவில்லை. கூலிப் பணம் வீடு வந்து சேருமுன் கடையிலே கரைந்து, பிள்ளைகள் பட்டினியாய்ப் படுத்த துக்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்; மலைத்தோட்டத்துக் குடும்பங்களிலும் அந்தத் துக்கம் மெய்யானதே. அதைச் சிறிதும் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் காலத்துப் பிரசாரத்திலே ஒரு குறை இருந்தது. 1949இல் அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்து வெளிவந்த ‘நல்ல தம்பி’ மதுவிலக்கை மக்கள் மனத்தில் ஊன்றச் செய்த படம். மதுவைப் பற்றித் தமிழ்த்திரை பேசிய ஆரம்பப் பேச்சுக்களில் முக்கியமானது அது. அதற்குப் பின் வந்த மேடைகளிலும் திரைகளிலும் குடிப்பவனைக் கண்டோம், குடியால் அழிந்த மனையைக் கண்டோம், கடைக்காரனையும் கண்டோம். பாளை சீவியவனுடைய கையை, அந்தக் கையிலிருந்த ஞானத்தை, பெரும்பாலும் எவரும் காட்டவில்லை. மரமேறியைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும்படி மாற்ற அரசாங்கம் செய்த முயற்சி அவனுடைய பிழைப்பைப் பற்றிய கவலையால் எழுந்தது; அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். கலையைப் பற்றிய கவலையோ எவருக்கும் உண்டாகவில்லை.

பிற்பகுதியை விரிக்க வேண்டியதில்லை. 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் என்னும் அரசாங்க மது நிறுவனம் தோன்றியது. 1987 முதல் கள்ளும் சாராயமும் தமிழ்நாட்டில் தடையாகி, 2003இன் இறுதியில் புட்டியில் அடைத்த மதுவின் சில்லறை விற்பனையையும் அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 1886இல் அடுக்களையிலிருந்து வடிசாலைக்குப் போன மது, 1987க்குப் பிறகு மரத்திலிருந்தும் முற்றாக இறங்கிவிட்டது. இடையே களவிலே வாழ்ந்தது ஒன்றே ஒன்று: வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறல் போட்டுப் புதைத்து, இரவிலே காய்ச்சி இறக்கும் பட்டைச் சாராயம். அச்சத்தில் செய்யப்படும் தொழிலுக்குப் பக்குவம் பார்க்கப் பொழுது இராது. ஊறல் முற்றுமுன்னே காய்ச்ச வேண்டும், ஆறுமுன்னே விற்க வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இத்தகைய ஊறல்கூட அன்று. தொழிற்சாலைகளுக்கு உரிய மெத்தனால் என்னும் விஷம் அது. எந்தப் பாளையிலும் எந்தத் தோப்பிச் சாடியிலும் அவ்விஷம் அந்த அளவில் விளைந்ததில்லை. நொதித்த பானமும் கலந்த விஷமும் ஒரே பெயரால் அழைக்கப்படும் நாட்டில், ஏழை ஒருவன் அவற்றை வேறு பிரித்து அறிவதற்கு யார் கற்றுக்கொடுப்பார்?

போடியிலிருந்து மேற்கே பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரள ராஜ்யம். 1956இல் மொழிவாரியாக எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீருமேடும் அப்பக்கம் நின்றன. ஏலத்தோட்டங்களில் உழைப்பதற்கோ நம் பக்கத்து மக்கள் அன்றும் இன்றும் விடியுமுன் மலை ஏறுகிறார்கள். கேரளத்திலே 1902ஆம் ஆண்டுக்குரிய, கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. சாராயத்தை 1996இல் நிறுத்திய அந்த ராஜ்யம், கள்ளை நிறுத்தவில்லை. உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் அங்கே பகிரங்கமாக நடக்கின்றன. தென்னங்கள் இறக்குவோர்க்கு க்ஷேமநிதியும் தொழிற்சங்கமும் உண்டு. அப்பத்துக்கு மாவு புளிக்கவைக்கவும் கள் கிடைக்கிறது. அதே பாளையை, அதே அரிவாளால், அதே விதமாகச் சீவும் கை, மலையின் மேற்கே தொழிலாளியினுடையது, கிழக்கே குற்றவாளியினுடையது. கள்ளுக்கு அனுமதி வேண்டுமென்று தமிழ்நாட்டு விவசாயிகள் பல்லாண்டுகளாகக் கிளர்ச்சி செய்துவருவதில் உள்ள நியாயம், இந்த வளைவுகளில் ஒருமுறை ஏறி இறங்கியவர்களுக்கு விளக்கமில்லாமலே விளங்கும்.

நொதிக்கவைக்கும் பழங்கலை தமிழ்நாட்டில் சட்டத்தின் சம்மதத்தோடு முழு உருவில் வாழும் இடம் ஒன்று உண்டு, அது வைத்தியசாலை. ஆசவங்களும் அரிஷ்டங்களும் காய்ச்சி வடித்த சாராயம் சேர்ப்பதால் உண்டாகும் மருந்துகள் அல்ல. கஷாயத்திலோ காய்ச்சாத நீரிலோ வெல்லமோ தேனோ கரைத்து, தாதகிப் பூவை இட்டு, மூடி முத்திரையிட்டு ஒரு மாத அளவு வைக்க, தாமே நொதித்து விளைபவை. மலைச்சரிவுகளில் செந்நிறமாகப் பூக்கும் அந்தத் தாதகியின் இதழ்களோடு ஒட்டிவரும் நொதியே அங்கே வேலை செய்கிறது. அவற்றுள் திராக்ஷாரிஷ்டத்தின் பாகத்தைப் பார்த்தால், திராட்சை, வெல்லம், ஏலம், லவங்கப்பட்டை, மிளகு, திப்பிலி என்று வரிசை செல்கிறது. திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அவ்வூர்ப் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஏலமும் மிளகும் தலைக்கு மேலே மலையில் விளைகின்றன. வெல்லத்துக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தன் ஆசிரியரிடம் முறையாகக் கற்ற வைத்தியர், பானையின் வாயில் காதை வைத்து உள்ளே பொங்கும் ஓசை அடங்கிவிட்டதா என்று கேட்பார். எரியும் தீக்குச்சியை வாயருகே நீட்டி அது அணைகிறதா நின்று எரிகிறதா என்று பார்ப்பார். நொதித்தல் முடிந்ததற்கு அவை அடையாளங்கள். இத்தகைய மருந்துகளில் தானாக விளையும் மதுச்சாரம் 12 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது அரசாங்கத்தின் விதி. புதிதாக இறக்கிய தென்னங்கள்ளில் விளைவதோ அதில் ஏறத்தாழப் பாதி.